அரைஞாண் இருந்த தடம்

1

இந்த மாசியோடு நான் கோல சிலாங்கூர் ஆற்றுத்துறையில் வந்து இறங்கி முப்பது வருடம் நிறைகிறது. மலாயாவில் வீடு கட்டியவர்கள், உத்தியோகம் உயர்ந்தவர்கள், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர்கள் ஊருக்கு எழுதும் சங்கதிகளை நீங்கள் நிறைய வாசித்திருப்பீர்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. நான் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவன். மருந்து கலக்கி, புண் கட்டி, டாக்டர் வராத நாட்களில் டாக்டராகவும் நின்றவன். அங்கே ஒரு மனிதனைக் கொன்றவர்களில் நானும் ஒருவன். அதைத்தான் எழுதப் போகிறேன். வேண்டாதவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

எழுத வைத்தது என் மகன் கதிரேசு. கோலாலம்பூரில் ஒரு ரப்பர்க் கம்பெனியின் தலைமைக் கந்தோரில் கிளாக்கராக இருக்கிறான். காற்சட்டை, இடுப்புப் பட்டி, பின்னேரத்தில் ஸ்டவுட் பியர் போத்தல். அவனுடைய இரண்டு பெண் குழந்தைகளும் என்னோடு தமிழில் ஒரு வசனம் தொடங்கி இங்கிலீஷில் முடிக்கும். போன வாரம் கிள்ளான் ரயிலில் வந்து இறங்கினான். படியேறும்போதே மூச்சு வாங்கியது.

"அப்பு, ஆயுள் இன்சூரன்ஸ் எடுக்கப் போன இடத்திலை அந்த டொக்டர் என்னை மாடு விலை பேசுற மாதிரிச் சுத்திச் சுத்திப் பார்த்தார்" என்றான்.

"என்னத்தை அளந்தவர்?"

"நெஞ்சை மூச்சு விட்டபடி ஒருக்கா, இழுத்துப் பிடிச்சு ஒருக்கா. பிறகு தொப்புளிலை நாடாவை வைச்சார். வயிறு நெஞ்சை முந்திப் போட்டுதாம். கம்பெனிக்காரர் யோசிப்பினமாம்."

"பிறகு?"

"தாய் தகப்பனிலை ஆருக்கும் நீரிழிவு இருந்ததோ எண்டு கேட்டார். நான் எனக்குத் தெரியாது, அப்புவைக் கேட்க வேணும் எண்டிட்டன்."

அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய தாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் நா வறண்டு, காலில் ஆணி குத்திய சின்னப் புண் ஆறாமல், எலும்பும் தோலுமாய் என் கண் முன்னாலேயே செத்தாள். அவள் மூத்திரம் விழுந்த இடத்தில் எறும்பு மொய்த்ததை அவனே எனக்குக் காட்டியிருக்கிறான்.

"அந்த டொக்டர் உங்களை அறிஞ்சவர். அம்மா காய்ச்சலிலை செத்தவ எண்டு நீங்கள் வந்து ஒரு சொல் சொன்னால் காணும். எனக்கு ஒண்டு நடந்தால் ரெண்டு பெட்டையளும் நடுத்தெருவிலையோ நிக்கிறது?"

அவன் பையிலிருந்து தையற்காரரின் நாடா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"நம்பிக்கை இல்லாட்டி நீங்களே அளந்து பாருங்கோ. அவர் பிழையாப் பிடிச்சிருப்பார்."

நாடாவை நான் தொட்டு எட்டு வருடம். என் வலக்கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. விறகு கொத்தும்போது பாராங் கத்தி வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அவனும் அதையே தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறான்.

2

நான் வேலை பார்த்த தோட்டம் ஆற்றுக்கு வடக்கே, கடலைத் தடுத்துக் கட்டிய மண்மேட்டுக்கு உட்புறம் இருந்தது. கறுப்புச் சேறு. வடிகால் வெட்டாவிட்டால் மரம் அழுகிவிடும். ஆகவே பால் வெட்டுகிறவர்களுக்குச் சமமாக வடிகால் வெட்டுகிறவர்களும் இருந்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டுப் பிந்தி வந்தவனை வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ரங்கன் பிரம்பால் அடிப்பான். முகத்தில்தான் அடிப்பான். முதுகில் அடித்தால் சட்டை கிழியும், கிழிந்த சட்டைக்கு ஆள் அழும் என்று சிரித்துக்கொண்டு சொல்வான். பெரட்டு முடிந்ததும் உதடு கிழிந்தவர்கள் என்னிடம் வருவார்கள். நான் அயோடின் தடவி அனுப்புவேன். அது என் காலை வேலைகளில் ஒன்றாக இருந்தது. பல் விளக்குவது போல.

போர் முடிந்த பின் புதிய பெரிய துரை வந்தார். பட்டாளத்தில் ஆள் சேர்த்தவர். அவர் பெட்டியில் ஓர் அளவு நாடா இருந்தது. நெஞ்சளவையும் வயிற்றளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மனிதனின் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும் என்பார். முதலில் தன்னைத் தானே அளந்தார். பிறகு என்னை. பிறகு தோட்டத்துக் கடைக்காரரை. கடைக்காரருக்கு வயிறு நெஞ்சை நான்கு விரற்கடை முந்தி நின்றது.

"இந்த ஆள் உள்ளே சீனி இருக்கு. பார், டிரெசர்" என்றார் துரை.

கடைக்காரரின் மூத்திரத்தை நீலக் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சினேன். சீனி இருந்ததால் செங்கல் நிறமாய் மாறியது. துரைக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷம். எனக்கும் வியப்புத்தான். அந்த முறையில் பிழை இல்லை, இன்றைக்கும் சொல்கிறேன். நன்றாய்த் தின்று உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு அந்த அளவு பெரும்பாலும் சரியாகவே பேசும். தொடையிலும் பின்புறத்திலும் சேர்கிற கொழுப்பை விடக் குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்புப் பொல்லாதது. சீனியும் அதோடு வரும், மூச்சுத் திணறலும் வரும். இன்சூரன்ஸ்காரர் சும்மா நாடா பிடிப்பதில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் காலியாக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து துரைக்கு நெருக்கடி. அவர் நாடாவைக் கூலியாட்கள் பக்கம் திருப்பினார். வயிறு நெஞ்சை முந்தியவனுக்குக் கொழுப்பு. அவனுக்கு நோய் இல்லை, சோம்பல். அவனுக்குக் கட்டிலும் இல்லை, அரை வேலையும் இல்லை. இதுதான் சட்டம்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஆட்கள் வரிசையில் நின்று கேலி பேசுவார்கள்.

"ஏண்டா, தையக்காரன் வந்திருக்கானா? ஆளுக்கொரு சட்டை தைக்கப் போறாங்களா?"

"சட்டையா? பெட்டிக்கு அளவு எடுக்கறாங்கடா. உனக்குப் பலகை பத்தாதுன்னு பயப்படறாரு துரை."

"டிரெசரய்யா, நெஞ்ச அளக்கறப்ப கொஞ்சம் தாராளமாப் புடிங்க. உள்ள பொஞ்சாதி இருக்கா."

நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. ஊரில் மிஷன் வைத்தியசாலையில் முதல் மாதத்திலேயே சொல்லித் தந்தது அது. வயிற்றைப் பெருக்கக்கூடியவை மூன்று: கொழுப்பு, நீர், காய்ச்சலில் வீங்கிய மண்ணீரல். மூன்றுக்கும் நாடா ஒரே அங்குலத்தைத்தான் காட்டும். விரல்தான் பிரித்துச் சொல்லும். கொழுப்பை அழுத்தினால் விரலைத் தள்ளிக்கொண்டு எழும்பும். நீரை அழுத்தினால் குழி விழும், விழுந்த குழி அப்படியே நிற்கும்.

3

காத்தான் சேலம் பக்கத்து ஆள். வடிகால் வெட்டுகிறவன். நான் பார்த்த நாட்களில் அரிசி மூட்டையை ஒரு தோளிலும் மனைவி பவுனுவை மற்றத் தோளிலும் தூக்கிக்கொண்டு கூலியாட்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி ஓடிப் பந்தயம் வென்றவன். வெறுங்காலோடு அந்தச் சேற்றில் நின்று நின்று கொக்கிப்புழு ஏறிவிட்டது. அது உள்ளே இருந்து இரத்தத்தைக் குடிக்கும். நாக்கு வெளுத்தது. முகம் ஊதியது. பிறகு கால், பிறகு வயிறு. தூரத்தில் பார்க்கிறவனுக்கு ஆள் பருத்துவிட்டது போலத் தெரியும்.

"தின்னு கொழுத்திருக்கான் பாரு" என்று ரங்கன் பெரட்டில் அவனைத் தனியாக நிறுத்தி அடிப்பான். ஒருநாள் கன்னம் பிளந்து உள்ளே பல் தெரிந்தது. இரத்தம் சிவப்பாக வரவில்லை, இளஞ்சிவப்பாக வந்தது. அந்தக் கன்னத்தைத் தைத்தவன் நான். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் பவுனு அவனைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். ரப்பர்ப் பால் வாளியைக் கூட இறக்கி வைக்காமல் வந்திருந்தாள்.

"அய்யா, இவரு ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுங்கய்யா. குந்திக்கிட்டேதான் தூங்கறாரு. ஒரு கட்டில் குடுங்கய்யா, பூச்சி மருந்து குடுங்க, நாலு நாள் படுத்திருக்கட்டும்."

நான் தலையாட்டப் போனேன். துரை விறாந்தையில் நின்றார். ரங்கனும் நின்றான்.

"அள" என்றார் துரை.

நெஞ்சை அளந்தேன். வயிற்றுக்கு நாடாவைக் கொண்டுபோனேன். அவன் அரைஞாண் கயிறு வீங்கின சதைக்குள் புதைந்து கிடந்தது. மேலும் கீழும் சதை பிதுங்கி நின்றது. நாடா படியவில்லை.

"அந்தக் கயிறு அளவைக் கெடுக்குது. வெட்டு" என்றார் துரை. தோட்டத் தமிழ் அவருக்கு வரும். கெட்ட வார்த்தைகளில் தொடங்கிப் படித்த தமிழ்.

நான் துரையின் முகத்தைப் பார்த்தேன். அரைஞாண் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. குழந்தைக்குக் கட்டியது முதல் இடுப்புப் பெருக்கப் பெருக்க முடிச்சைத் தளர்த்தி, இற்றுப்போனால் புதியதைக் கட்டிக்கொண்ட பிறகே பழையதை எடுப்போம். ஒரு நொடிகூட இடுப்பு வெறுமையாய் இருக்க விடமாட்டோம். வெறுமையாக்கி அறுப்பது ஒரே ஒரு சமயத்தில். சிதையில் வைத்த பிறகு.

காத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாங்கய்யா. அவுத்துத் தர்றேன். அறுக்காதீங்க."

அவன் முடிச்சைத் தேடினான். அது சதைக்குள் போய்விட்டது. நகத்தால் தோண்டினான். தோல் கிழிந்து நீர் கசிந்தது. இரத்தம் அல்ல, நீர். துரை கடிகாரத்தைப் பார்த்தார். ரங்கன் அவன் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்தான். காத்தான் திமிறியதில் விறாந்தைத் தூணில் தலை மோதியது. ரங்கன் முழங்காலை அவன் முதுகில் கொடுத்து அமுக்கினான்.

நான் கத்தரிக்கோலை எடுத்து அறுத்தேன்.

பவுனு போட்ட சத்தம் லயம் வரை கேட்டிருக்கும். "உசுரோட இருக்கற மனுசன் கயித்த அறுத்துட்டீங்களே! உங்க கையி வெளங்குமா?" பால் வாளியைத் தூக்கி எறிந்தாள். துரையின் காலுறை முழுக்கப் பால். அவர் பூட்ஸ் காலால் அவளை உதைத்தார். அவள் படியில் உருண்டு விழுந்தாள்.

கயிறு இருந்த இடத்தில் விரலளவு ஆழத்துக்கு ஒரு வளையப் பள்ளம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அது எழும்பவில்லை. பக்கத்தில் என் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

நாடா வைத்தேன். வயிறு நெஞ்சை விட இரண்டு அங்குலம் கூட.

"என்ன, டிரெசர்? கொழுப்பா?" என்றார் துரை.

அந்த மாதம் துரை என் மகன் கதிரேசைத் தலைமைக் கந்தோரில் சேர்க்கத் தான் ஒரு வார்த்தை சொல்வதாக வாக்களித்திருந்தார். அவன் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். ஆட்களைக் குறைக்கிற அந்தக் காலத்தில் துரை சொல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. நான் யோசித்தது அது ஒன்றைத்தான். அதிக நேரம்கூட யோசிக்கவில்லை.

"ஆம் துரை. கொழுப்பு" என்றேன்.

4

மறுநாள் காலையில் காத்தானை வடிகாலில் இறக்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் முகங்குப்புற விழுந்தான். நடிக்கிறான் என்று ரங்கன் மேலே நின்று கழுத்தில் மிதித்தான். எழும்பாததைக் கண்டு விலாவில் உதைத்தான். தூக்கிப் பார்த்தபோது வாயிலும் மூக்கிலும் கறுப்புச் சேறு.

அதன் பிறகு நடந்ததை நான் ஆஸ்பத்திரி ஜன்னலால் பார்த்தேன். வடிகால் வெட்டுகிறவர்கள் மண்வெட்டிகளோடு மேலே ஏறினார்கள். ரங்கன் ஓடினான். கடை வாசலில் பிடித்தார்கள். பிடிக்கட்டையால் முதலில் முழங்காலை உடைத்தார்கள். விழுந்தவனைச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு அடி. யாரும் கத்தவில்லை. உடம்பில் கட்டை விழும் சத்தமும் அவன் அலறலும் மட்டும். ஒரு கண் போனது. உயிர் போகவில்லை. துரையின் பங்களாவுக்குக் கல் விழுந்தது. அவர் வானத்தை நோக்கிச் சுட்டார். பிறகு வானத்தை நோக்கிச் சுடவில்லை. ஓர் ஆளின் தொடையில் குண்டு பாய்ந்தது. மத்தியானம் கோல சிலாங்கூரிலிருந்து துவக்குகளோடு போலீஸ் வந்து எட்டுப் பத்துப் பேரை ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போனது.

பின்னேரம் துரை என்னைக் கூப்பிட்டார். "உடம்பை இன்றைக்கே எரித்து முடிக்க வேண்டும். நீ போய் நின்று பார்."

ஆகவே நான் ஆற்றங்கரைக்குப் போனேன். ஆண்களில் சிலர் சிறையில், மற்றவர்கள் பயந்து ஒளிந்துவிட்டார்கள். கிழவர்களும் பெண்களும் விறகு அடுக்கியிருந்தார்கள். காரியம் செய்த கிழவர் பிணத்தின் வேட்டியை விலக்கி அரையில் கை வைத்துத் தடவினார். மறுபடியும் தடவினார். மற்றக் கையில் பாராங் இருந்தது.

"கயிறு எங்கடி?" என்றார்.

"டிரெசரய்யா முன்னாடியே அறுத்துட்டாரு" என்றாள் பவுனு.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கிழவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாராங்கைப் பிடித்தபடி நின்றார். அவர் அந்தக் காரியத்தை எத்தனையோ பேருக்குச் செய்திருப்பார். அறுக்க ஒன்றும் இல்லாத பிணத்தை அவர் கண்டதில்லை.

பவுனு அந்தப் பாராங்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். நிதானமாகத்தான் வாங்கினாள். என் வலக்கையை இழுத்து விறகின் மேல் வைத்தாள். நான் ஏன் கையை இழுக்கவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது.

"கூட அனுப்ப எதையாச்சும் அறுக்கணுமில்ல" என்றாள்.

ஓர் அடி. இரண்டு விரல். அவற்றை எடுத்து அவன் இடுப்பருகே வைத்து, கொள்ளி வைக்கச் சொன்னாள். நான் சேற்றில் உட்கார்ந்து மற்றக் கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிதை எரிவதைப் பார்த்தேன்.

5

மலைமேல் இருந்த கோர்ட்டில் வழக்கு நடந்தது. ரங்கனை அடித்தவர்கள் மேல்தான் வழக்கு. செத்தவனைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. ஆனால் மாஜிஸ்திரேட் நியாயமான மனிதர். செத்தவன் நோயாளியா, நோயாளியை வேலைக்கு அனுப்பினார்களா என்று அவராகவே கேட்டார். நோயாளி என்று நான் சொல்லியிருந்தால் அந்த ஆட்களின் ஆத்திரத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். தண்டனை குறைந்திருக்கும். துரை பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

கட்டுப்போட்ட கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். "நோய் எதுவும் இல்லை. பருமனான உடம்பு. இருதயம் நின்றிருக்கலாம்" என்றேன்.

"உன் கைக்கு என்ன?"

"விறகு கொத்தும்போது பட்டது."

பவுனுவைக் காட்டிக் கொடுக்காமல் இருந்தது என் நல்ல குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏன் வெட்டினாள் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான்.

கூண்டில் நின்றவர்கள் கடுங்காவலுக்குப் போனார்கள். பிறகு கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பவுனுவை லயத்திலிருந்து துரத்தினார்கள். அவள் கடற்கரை ஊரான ஜெராமுக்குப் போய்க் கருவாட்டுக் கொட்டகையில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் கதிரேசு புதுச் சப்பாத்தோடு கோலாலம்பூருக்கு ரயிலேறினான். அவனுடைய தாய் வழியனுப்பும்போது இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்தாள். வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே அவன் தன் அரைஞாணைக் கழற்றிப் போட்டுவிட்டான். காற்சட்டைக்கு மேலே தெரிகிறதாம், வெள்ளைக்காரர் சிரிக்கிறார்களாம். அதைக் கேட்டுத் தாய் அழுதாள். எனக்கு அழவோ ஏசவோ உரிமை இருக்கவில்லை.

6

கதிரேசு நாடாவை மேசையில் வைத்துவிட்டு உறங்கிப் போன மத்தியானம், நான் பஸ்ஸில் ஜெராமுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், மகனுக்கு ஒரு பதில் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

கடற்கரையில் பாயை விரித்துக் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"யாரு, டிரெசரய்யாவா? என்ன வேணும், மீனா, வெரலா? வெரலு சாம்பலாப் போயிருச்சே."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது.

"பவுனு, உனக்கு ஒண்டு சொல்ல வந்தனான்" என்றேன். "காத்தானுக்கு இருந்தது கொழுப்பில்லை. நீர். நான் விரலாலை அமுக்கிப் பார்த்தனான், குழி விழுந்தது. எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கொழுப்பெண்டு சொன்னனான். கோர்ட்டிலையும் தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

அவள் கை நின்றது. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா?"

"ஓம்."

"தெரியாம சொல்லிட்டீங்கன்னு இல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "அந்த நாடா உங்களையும் ஏமாத்திப்புடுச்சின்னு. பாவம், படிச்ச மனுசன், அவருக்கும் புரியல, நாம ஆத்தரத்துல வெரல வெட்டிப்புட்டமேன்னு எத்தினி நாளு எனக்குச் சோறு எறங்கலை தெரியுமா? மாரியாத்தா கோயில்ல போய் உங்களுக்காக வெளக்குக்கூட போட்டேன்யா."

அவள் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டிய உள்ளங்கை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். "வெரல வெட்டியிருக்கக் கூடாது. நாக்க அறுத்திருக்கணும்."

கையை உதறி விட்டாள். பாய்க்குப் போய் உட்கார்ந்தாள். நான் திரும்பி நடக்கையில் பின்னாலிருந்து கேட்டாள்:

"இத்தினி வருசம் கழிச்சு எதுக்கு வந்தீங்க?"

"என்ரை மகன் வந்திருக்கிறான். அவனுக்கு வயிறு பெருத்திருக்கு."

"நீராய்யா, கொழுப்பா?"

"கொழுப்பு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதை விட இன்னொரு விரல் போயிருக்கலாம்.

7

மறுநாள் கதிரேசோடு கிள்ளானுக்கு, அந்த இன்சூரன்ஸ் டாக்டரிடம் போனேன். வழி முழுக்க அவன் உற்சாகமாக இருந்தான். நான் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தான்.

டாக்டர் அவனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பட்டியை அவிழ்த்தான். வயிற்றைச் சுற்றிப் பட்டியின் தடம் சிவப்பாய் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தடம் மறைந்து தோல் சமமாயிற்று. கேட்காமலே எழும்பிப் போய் அவன் கணைக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். சதை என் விரலைத் தள்ளிக்கொண்டு எழும்பியது.

"தாயார் எதில் இறந்தார்?" என்றார் டாக்டர்.

கதிரேசு என்னைப் பார்த்தான். எட்டு வருடத்துக்கு முன் துரை பார்த்த அதே பார்வை. பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்கிற பார்வை.

"நீரிழிவு" என்றேன். "நானே காய்ச்சிப் பார்த்தனான். இவன்ரை மூத்திரத்தையும் இப்ப காய்ச்சிப் பாருங்கோ."

டாக்டர் கண்ணாடிக் குழாயை எடுத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. இப்போது இதற்கு ஊசி மருந்து ஒன்று வந்திருக்கிறது, இவனுக்கு இப்போதைக்கு அது தேவைப்படாமலும் இருக்கலாம், சோற்றைக் குறைத்து ஸ்டவுட்டை நிறுத்தி வயிற்றை நெஞ்சுக்குக் கீழே கொண்டுவந்தால் கனகாலம் இருக்கலாம் என்றார். இன்சூரன்ஸைப் பற்றி அவர் பேசவில்லை. பேச ஒன்றும் இல்லை.

ஸ்டேஷனில் கதிரேசு என்னை ஏசினான். பெற்ற பிள்ளையைக் கம்பெனிக்காரனுக்குக் காட்டிக் கொடுத்த தகப்பன் என்றான். ரயிலுக்கு நேரம் இருந்தது. நான் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றை, குழியை, துரையின் கேள்வியை, என் பதிலை, அந்தப் பதிலுக்குக் கிடைத்த அவனுடைய உத்தியோகத்தை. விறகு கொத்தும்போது விரல் போகவில்லை என்றும் சொன்னேன்.

அவன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன மூட்டையைப் பார்ப்பது போல.

"என்னைக் கேட்டோ செய்தனீங்கள்?" என்றான். "அப்ப நான் எட்டு வருசமாத் திண்டது ஆரின்ரை சோறு?"

ரயில் வந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினான்.

அவன் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மேடையில் என் நாக்கு எழும்பவில்லை. ஆகவே மூன்று விரலால் எழுதுகிறேன். அது காத்தானின் சோறு. ஜெராமில் கருவாடு காய வைக்கும் பவுனுவின் புருஷன் காத்தானின் சோறு.